சியூ மக்களின் பழைய தோல் பைகள்: பாசிமணி வேலை, முள்ளம்பன்றி முள் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் பெற்றோர்கள், இங்கே படிக்க வந்த மாணவர்கள், பழம்பொருள் கடைகளில் ஆர்வமாகச் சுற்றும் நண்பர்கள் என்று பலரோடு அருங்காட்சியகங்களுக்குப் போகிறேன். சமவெளிப் பழங்குடிகளின் தோல் பைகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டி முன்னால் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பைக்கு விற்பவர் சொல்லும் கதையை நம்புவதைவிட, அதன் தையலையும் தோலையும் பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். பதில்களும் அப்படித்தான் இருக்கும்.

1. சியூ, லக்கோட்டா, டக்கோட்டா என்று மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, எல்லாம் ஒரே ஆட்களா?

ஒரே பெரிய உறவுக் கூட்டம். சியூ என்பது வெளியார் வழியாக வந்த பெயர். அவர்கள் தங்களை ஓசெட்டி சாகோவின், அதாவது ஏழு சபை நெருப்புகள் என்கிறார்கள். கிழக்கே மினசோட்டா பக்கம் டக்கோட்டா, நடுவில் யாங்க்டன், யாங்க்டனாய், மேற்கே புல்வெளியில் லக்கோட்டா. லக்கோட்டாவுக்குள்ளும் ஒக்லாலா, சிச்சாங்கு, ஹங்க்பாப்பா என ஏழு பிரிவுகள் உண்டு.

'சியூ' என்று சீட்டு ஒட்டிய பழைய பைகளில் பெரும்பாலானவை லக்கோட்டாப் பெண்கள் செய்தவை. இன்றைய தெற்கு, வடக்கு டகோட்டா மாநிலங்களில் உள்ள பைன் ரிட்ஜ், ரோஸ்பட், செயென் ரிவர், ஸ்டாண்டிங் ராக் ஒதுக்கீட்டு நிலங்களிலிருந்து வந்தவை. முக்கோணம், பெட்டி, படிக்கட்டு போன்ற கோட்டு வடிவங்கள் லக்கோட்டா பக்கம் அதிகம். பூ, இலை, கொடி வடிவங்கள் டக்கோட்டா பக்கம் அதிகம். கீழே நான் சொல்வது பெரும்பாலும் லக்கோட்டா வேலையைப் பற்றித்தான்.

2. ஒரே பையில் இரண்டு விதமாத் தெரியுது. எது பாசிமணி, எது முள்?

பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பாருங்கள். பாசிமணி கண்ணாடி. ஒவ்வொன்றும் தனித்தனி உருண்டையாகப் பளிச்சென்று ஒளியைத் திருப்பும், பைக்கு நல்ல கனத்தையும் கொடுக்கும். முள் தட்டையானது. மெல்லிய கோரையை மடித்து மடித்து வைத்ததுபோல் இருக்கும், அதன் மினுமினுப்பும் மென்மையானது. தூரத்தில் நின்றால் பட்டு நூல் என்றே தோன்றும்.

இரண்டும் சேர்ந்து வருவது லக்கோட்டா குழாய்ப் பைகளில், அதாவது புகைக்குழாய் வைக்கும் பைகளில், வழக்கம். மேலே மிருதுவான தோல், நடுவில் பாசிமணிப் பட்டை, அதற்குக் கீழே முள் சுற்றிய தோல் பட்டிகள், கடைசியில் நீண்ட தோல் குஞ்சம்.

3. முள்ளம்பன்றி முள்ளை எப்படித் தைக்க முடியும்? கையெல்லாம் குத்தாதா?

வட அமெரிக்க முள்ளம்பன்றியின் முள் உண்மையில் தடித்துப்போன மயிர். ஒரு விலங்கின் உடம்பில் ஏறக்குறைய 30,000 இருக்கும். தண்டு வெளுப்பாகவும் உள்ளே பஞ்சுபோலவும் இருக்கும். கறுத்த நுனியில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத எதிர்முட்கள் உண்டு, ஆபத்து அங்கேதான். வால் முள் பருமன், முதுகு முள் அடுத்தது, கழுத்து முள் மெலிது, வயிற்றுப்புறத்து முள்தான் மிக நேர்த்தியான கோடுகளுக்கு. கழுவி, அளவுவாரியாகப் பிரித்து, சாயம் ஏற்றி, காயவைத்துச் சேமித்தார்கள்.

தைக்கும் நேரத்தில் சில முட்களை வாயில் அடக்கி, கூர்நுனி உதட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும்படி வைத்துக்கொள்வார்கள். எச்சிலில் ஊறி இளகியதும் பல்லிடுக்கிலோ நகத்தாலோ இழுத்தால் முள் நாடாபோலத் தட்டையாகிவிடும். எலும்பில் செய்த தட்டையாக்கும் கருவிகளும் இருந்தன.

முள் தோலைத் துளைத்துப் போவதில்லை என்பதுதான் பலரும் கவனிக்காதது. தோலின் மேல் இணையாக இரண்டு வரிசைத் தையல் ஓடும். முள்ளை ஒரு வரிசைக்கு அடியில் மடித்து, அடுத்த வரிசைக்குக் கொண்டுபோய், அங்கேயும் மடித்து, இப்படி முன்னும் பின்னுமாகப் போவார்கள். முள் முடியும் இடத்தில் அடுத்த முள்ளைச் செருகுவார்கள். அந்த இணைப்பு வெளியே தெரியக் கூடாது. நல்ல வேலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அதைக் கண்டுபிடிக்க நேரமாகும்.

4. நம்ம பக்கத்து முள்ளம்பன்றியும் இதுவும் ஒன்றுதானே? இணையத்தில் தேடினால் ஏதோ மரப்பெட்டிகள் வருதே?

வேறு விலங்கு, வேறு முள். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள முள்ளம்பன்றியின் முள் நீளமானது, பருமனானது, கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்டது. வாயில் ஊறவைத்து மடிக்கிற காரியம் அதில் நடக்காது.

நீங்கள் பார்த்த பெட்டிகள் 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காலி பகுதியில் ஐரோப்பியர்களுக்காகச் செய்யப்பட்டவை. கருங்காலிச் சட்டத்துக்குள் முழு முட்களை வரிசையாக அடுக்கிச் செய்வார்கள். விசாகப்பட்டினத்திலும் இப்படிப்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. அவையும் அருமையான கைவேலைதான், ஆனால் லக்கோட்டா முள் வேலையோடு அவற்றுக்கு எந்த உறவும் இல்லை. ஏல அறிவிப்புகளில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சொற்களைப் போடுவதால் தேடலில் கலந்து வருகின்றன.

5. பாசிமணியை அவர்களே செய்தார்களா?

இல்லை. கண்ணாடி மணிகள் வெனிஸ் பக்கத்து முரானோவிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் கப்பலில் வந்தன. பிறகு மிசூரி ஆற்றின் வழியாகத் தோல் வணிகர்களின் கோட்டைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 1832-ல் கட்டப்பட்ட ஃபோர்ட் பியர் ஷூட்டோ, லக்கோட்டா மக்களோடு நடந்த வியாபாரத்துக்குப் பெரிய மையம். பதனிட்ட காட்டெருமைத் தோலைக் கொடுத்து மணி வாங்கினார்கள். அந்தத் தோலைப் பதனிட்டது பெண்கள். அதனால் ஒவ்வொரு மணியும் அவர்கள் உழைப்புக்கு வந்த கூலிதான்.

முதலில் வந்தவை 3, 4 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய மணிகள். சேகரிப்பாளர்கள் இவற்றை போனி பீட்ஸ் என்பார்கள். வெள்ளையும் நீலமும்தான் அதிகம். 1840-களுக்குப் பிறகு கடுகு அளவுள்ள சீட் பீட்ஸ் பரவியது. நுணுக்கமான கோலங்கள் சாத்தியமானது அதற்குப் பிறகுதான்.

6. மணி வந்ததும் முள் வேலையை விட்டுவிட்டார்களா?

விடவில்லை. கண்ணாடி மணியில் பரப்பை நிரப்புவது முள்ளைவிட வேகமானது, நிறமும் மங்காது. எனவே பெரிய பரப்புகள் மணிக்குப் போயின. ஆனால் லக்கோட்டா பெண்கள் முள் வேலையை உயர்வாகவே மதித்தார்கள். ஒதுக்கீட்டு நிலக் காலத்தில், 1880-க்குப் பிறகும், சட்டைப் பட்டைகளிலும் குழாய்ப் பைகளிலும் முள் வேலை தொடர்ந்தது. சிவப்பு தரை, அதில் மஞ்சள், ஊதா, நீலச் சின்னங்கள் என்பது அந்தக் காலத்து லக்கோட்டா முள் வேலையின் முகம்.

சாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் சிவப்புக்கு பஃபலோபெர்ரி போன்ற பழங்கள், மஞ்சளுக்குப் பூவிதழ்கள், கறுப்புக்கு வால்நட். வணிகர்கள் கொண்டுவந்த சிவப்புக் கம்பளித் துணியை முட்களோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, துணியின் சாயத்தை முள்ளுக்கு ஏற்றும் வழியும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பொட்டலத்தில் வந்த செயற்கைச் சாயங்கள் இந்த இடத்தைப் பிடித்தன.

7. வரிவரியா, மேடு மேடா இருக்கே, அது என்ன தையல்?

அதற்கு ஆங்கிலத்தில் லேஸி ஸ்டிச் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது பலர் லேன் ஸ்டிச் என்கிறார்கள், எனக்கும் அதுதான் பிடிக்கும். நூலில் ஏழெட்டு மணிகளைக் கோத்து, தோலில் ஒரு குத்து, பிறகு அதே எண்ணிக்கையில் கோத்துத் திரும்பி வந்து இன்னொரு குத்து. இப்படிப் போனால் ஒரு பாத்தி உருவாகும். மணிகளைக் கொஞ்சம் நெருக்கமாகக் கோத்தால் பாத்தி நடுவில் வில்போல் எழும்பும். லக்கோட்டா வேலையில் இந்த எழுச்சி நன்றாகத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்குத் தெரியும்.

நூல் என்று சொன்னது உண்மையில் தசைநார். காட்டெருமை, மான் ஆகியவற்றின் முதுகெலும்பை ஒட்டி ஓடும் நாரைக் காயவைத்து, இழை இழையாகக் கிழித்து, ஈரப்படுத்தி முறுக்குவார்கள். காய்ந்த முனை விறைப்பாக நிற்பதால் ஊசி வேண்டியதில்லை. குத்தூசியால் துளைபோட்டு நாரை நுழைப்பார்கள். அந்தத் துளை தோலின் மேலடுக்கில் மட்டும் நுழைந்து வெளியே வரும். அதனால் பையை உட்புறம் திருப்பிப் பார்த்தால் தையலே இருக்காது. இதை நினைவில் வையுங்கள், 13-ஆம் கேள்விக்குத் தேவைப்படும்.

8. இத்தனை பைகளா! எது எதுக்குப் பயன்பட்டது?

வீடே தோலால் ஆனது, அடிக்கடி இடம் மாறும். அலமாரியும் பெட்டியும் இல்லாத வீட்டில் எல்லாமே பைக்குள்தான். அதனால் வகைகள் அதிகம்.

பெரியது, கூடாரத்துக்குள் துணிமணியும் மற்ற சாமான்களும் வைக்கும் செவ்வகப் பை. முன்பக்கம், மூடி, இரண்டு ஓரங்கள் ஆகியவற்றில் மணி வேலை இருக்கும், பின்பக்கம் வெறும் தோல். சிலவற்றில் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு முள் கோடுகள் ஓடும். ஓரங்களில் சின்னத் தகரக் கூம்புகள், அவற்றுக்குள் சாயமேற்றிய குதிரை மயிர். நடந்தால் அவை மெல்லிய ஓசை எழுப்பும். இந்தப் பைகளை ஜோடியாகச் செய்வது வழக்கம். குதிரையில் போகும்போது பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும். இன்று ஜோடிகள் பிரிந்து, ஒன்று ஒரு நாட்டிலும் மற்றது வேறு நாட்டிலும் கிடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

குழாய்ப் பை ஆண்களிடம் இருப்பது, ஆனால் செய்தது பெண்கள். புகைக்குழாயின் தண்டையும் கிண்ணத்தையும் தனித்தனியாகப் பிரித்து, புகையிலையோடு உள்ளே வைப்பார்கள். கிண்ணம் பெரும்பாலும் மினசோட்டாவின் பைப்ஸ்டோன் சுரங்கத்துச் சிவப்புக் கல்லில் செதுக்கியது. பையின் இரண்டு பக்கத்து மணிப் பட்டைகளிலும் வேறு வேறு வடிவம் இருக்கும். ஒரு பக்கப் படத்தை மட்டும் போட்டு விற்பவரிடம் மறுபக்கத்தையும் கேளுங்கள்.

அப்புறம் சக்கிமுக்கிக் கல்லும் எஃகுத் துண்டும் வைக்கும் சின்னப் பை, குத்தூசி உறை, கத்தி உறை. ஒதுக்கீட்டு நில வாழ்க்கை தொடங்கியபின் ஒரு புது வகை வந்தது. அரசு தரும் உணவுப் பங்கீட்டுச் சீட்டை வைக்கும் பை. காட்டெருமை வேட்டையில் வாழ்ந்தவர்கள் மாவுக்கும் மாட்டிறைச்சிக்கும் வரிசையில் நிற்க வேண்டி வந்தது. அந்தச் சீட்டுக்கும் மணி வைத்துத் தைத்த உறை செய்திருக்கிறார்கள் என்பதை நான் எப்போதும் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

இன்னொன்று, ஆமை வடிவத்திலும் பல்லி வடிவத்திலும் செய்த கையளவுச் சிறு பை. உள்ளே குழந்தையின் தொப்புள்கொடி. பெண் குழந்தைக்கு ஆமை, ஆண் குழந்தைக்குப் பல்லி என்று பொதுவாகச் சொல்வார்கள். தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரையில் கட்டும் நம் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

9. இந்த முக்கோணத்துக்கு என்ன அர்த்தம்? சிலுவைக்கு? ஒரு பட்டியல் இருந்தால் கொடுங்களேன்.

அப்படிப் பட்டியல் கொடுக்க மாட்டேன். இருப்பதாகச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மானிடவியலாளர் கிளார்க் விஸ்லர் லக்கோட்டா மக்களிடம் நேரில் போய் விசாரித்து 1904-ல் எழுதினார். வடிவங்களுக்குக் கூடாரம், இலை, சூறைக்காற்று போன்ற அழைப்புப் பெயர்கள் இருந்தன. ஆனால் ஒரே வடிவத்துக்கு ஒவ்வொருவரும் வேறு வேறு விளக்கம் சொன்னார்கள். அழைக்க ஒரு பெயர் இருப்பதால் அதற்குள் மறைபொருள் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரு பெண் தன் மகனுக்காகச் செய்த பையில் அவள் மனதில் ஒரு பொருள் இருந்திருக்கலாம். அது அவளுக்கும் அவள் குடும்பத்துக்கும் உரியது. வேலைத்திறனை மட்டும் பார்த்து வியந்தாலும் குறை ஒன்றும் இல்லை.

10. நிலத்தைப் பறித்த நாட்டின் கொடியைப் போய் ஏன் பையில் தைத்தார்கள்?

1880-லிருந்து 1910 வரையான லக்கோட்டா வேலையில் அமெரிக்கக் கொடி நிறைய வருகிறது. 1868 ஒப்பந்தத்தில் தங்களுக்கென உறுதி செய்யப்பட்ட பிளாக் ஹில்ஸ் மலைகளை 1877-ல் பறிகொடுத்து, 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவத்திடம் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொடுத்த மக்கள் அவர்கள். கேள்வி நியாயமானதுதான்.

ஒரே காரணத்தில் இதை அடக்க முடியாது. 1883-லிருந்து சூரிய நடனம் போன்ற சடங்குகளுக்கு அரசு தடை போட்டது. ஆனால் ஜூலை 4 கொண்டாட்டத்துக்கு அனுமதி உண்டு. எனவே கூடுவதற்கும் ஆடுவதற்கும் பரிசுகள் கொடுப்பதற்கும் அந்த நாளைப் பயன்படுத்திக்கொண்டார்கள், கொடியும் கூடவே வந்தது. இன்னொரு பக்கம், எதிரியின் கொடியைக் கைப்பற்றுவது போர்வீரருக்குப் பெருமை. வெளியாருக்கு விற்கச் செய்தவையும் உண்டு. எந்தப் பையில் எது காரணம் என்பது அதைச் செய்தவளுக்குத்தான் தெரியும். 'விசுவாசத்தின் அடையாளம்' என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

11. எந்தக் காலத்துப் பை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஒரே அடையாளத்தை வைத்துச் சொல்வதில்லை, பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். போனி பீட்ஸ் மட்டுமே இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியாக இருக்கலாம். பெரிய வெள்ளைத் தரையில் எளிய கட்டங்களும் பட்டைகளும் என்றால் அதற்கு அடுத்த சில பத்தாண்டுகள். 1880-க்குப் பிறகு வடிவங்கள் சிக்கலாகின்றன. மெல்லிய கோடுகள், கவைபோலப் பிரியும் நுனிகள், குதிரை, மனித உருவங்கள் எல்லாம் வருகின்றன. பட்டை தீட்டிய பளபளப்பான உலோக மணிகளும் அந்தக் காலத்திலிருந்துதான்.

தோலும் பேசும். 1883 அளவில் வடக்குக் காட்டெருமை மந்தை ஏறக்குறைய அழிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு பங்கீட்டில் வந்த மாட்டின் தோலை அதிகம் பயன்படுத்தினார்கள். தசைநாருக்குப் பதில் பருத்தி நூல் இருந்தால் பெரும்பாலும் பிந்தைய வேலை. ஆனால் 20-ஆம் நூற்றாண்டிலும் நாரில் தைத்தவர்கள் இருந்தார்கள். பழைய மணிகளைச் சேர்த்துவைத்துப் பிறகு பயன்படுத்துவதும் உண்டு. எனவே இருப்பதிலேயே பிந்தைய பொருள் எதுவோ, பை அதைவிடப் பழையதாக இருக்க முடியாது என்று கணக்கிடுங்கள்.

12. கடைக்காரர் சியூ என்கிறார், இன்னொருவர் செயென் என்கிறார். யாரை நம்புவது?

சில நேரம் இருவருமே ஊகிக்கிறார்கள். லக்கோட்டாவும் செயென் என்ற வேறொரு சமவெளிப் பழங்குடியும் நட்பு, திருமணம், போர் என எல்லாவற்றிலும் சேர்ந்து வாழ்ந்தவர்கள். 1876-ல் அமெரிக்க ராணுவத்துக்கு எதிரான லிட்டில் பிக்ஹார்ன் போரிலும் ஒரே பக்கம் நின்றார்கள். தையலும் ஒன்றே. செயென் பாத்திகள் குறுகலாகவும் சமமாகவும் இருக்கும், லக்கோட்டா பாத்திகள் அகலமாகவும் எழும்பியும் இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. குரோ மக்களின் வேலை இதைவிட எளிதில் பிரிந்து தெரியும். மணி வரிசையை நடு நடுவே இழுத்துக் கட்டுவதால் பரப்பு தட்டையாக இருக்கும், வெளிர் நீலமும் இளஞ்சிவப்பும் மேலோங்கும்.

13. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒன்று: எல்லாமே ஏமாற்றச் செய்தவை அல்ல. பழைய முறையை நேசித்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் நேர்மையாகவே மறுபடைப்புகள் செய்தார்கள். கைமாறிக் கைமாறிப் போகும்போது யாரோ ஒருவர் அவற்றைப் 'பழசு' ஆக்கிவிடுகிறார்.

உட்புறத்திலிருந்து தொடங்குங்கள். 7-ல் சொன்னபடி தையல் உள்ளே துளைத்து வந்திருக்கக் கூடாது. நார் இயற்கையானதாக இருந்தால் இழைகள் சமமாக இருக்காது, முனை விறைத்திருக்கும். செயற்கை நார் மெழுகு பூசியது, ஒரே சீராகப் பிரியும். புற ஊதா விளக்கில் செயற்கை நூல் பல நேரம் பளிச்சென ஒளிரும். தோலில், விலங்கின் மூளையைத் தடவிப் பதனிட்டுப் புகைபோட்ட மான் தோல் இரண்டு பக்கமும் மெத்தென்று இருக்கும். ஒரு பக்கம் வழவழப்பான மேல்தோல் இருந்தால் அது ஆலைத் தோலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஆலைத் தோலையும் ஒதுக்கீட்டு நிலக் காலத்தில் பயன்படுத்தியதால், அது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பிறகு தேய்மானம். கை படும் இடம், மூடி உரசும் இடம், கயிறு இழுபடும் இடம் மட்டும் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரேபோல அழுக்கு இருந்தால் அது தேநீரோ சாயமோ தடவிய வேலை. எனக்கு மிகக் கடினமாகத் தெரிவது கலப்பு: உண்மையான பழைய மணிப் பட்டையைப் புதுத் தோலில் பொருத்திய பை. பட்டையின் ஓரத்தில் பழைய துளைகள் வெறுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

14. இவ்வளவு அழகான வேலையைச் செய்தவர்கள் பெயர் ஏன் எங்கேயும் இல்லை?

வாங்கியவர்கள் கேட்டு எழுதவில்லை, அதுதான் காரணம். ராணுவ அதிகாரிகளும் முகவர்களும் சேகரிப்பாளர்களும் பையை வைத்திருந்த ஆணின் பெயரைச் சில நேரம் குறித்தார்கள், செய்த பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. அவர்களுடைய சமூகத்திலோ அந்தப் பெண்கள் பெயர் இல்லாதவர்களாக இருக்கவில்லை. முள் வேலையைக் கனவில் வந்து கற்றுக்கொடுத்தவள் இரட்டைப் பெண் என்று லக்கோட்டா மரபு சொல்கிறது. அவளைக் கனவில் கண்ட பெண்ணின் கைவேலைக்குத் தனி மதிப்பு. தான் முடித்த வேலைகளைப் பெண்கள் எண்ணிக் கணக்கு வைத்தார்கள், தோல் சுரண்டும் எல்க் கொம்புக் கருவியின் பிடியில் அந்தக் கணக்கைப் புள்ளிகளாகக் குறித்தார்கள். போர்வீரர்கள் தங்கள் வெற்றிகளை எண்ணிச் சொன்னதற்கு நிகரான பெருமை அது.

சில பெயர்கள் மிஞ்சியிருக்கின்றன. ஸ்டாண்டிங் ராக்கில் வாழ்ந்த யாங்க்டனாய் பெண் நெல்லி டூ பேர் கேட்ஸ், பயணப் பெட்டிகளின் முழுப் பரப்பிலும் மணியால் மனிதர்களையும் குதிரைகளையும் நிகழ்ச்சிகளையும் தைத்தார். அவருடைய பெட்டி ஒன்று மினியாபோலிஸ் கலை நிறுவனத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் தவறவிடாதீர்கள்.

15. எங்க வீட்டில் ஒன்று இருக்கு, தூசி படிஞ்சிருக்கு. துடைக்கலாமா? தோலுக்கு எண்ணெய் போடலாமா?

எண்ணெய், மெழுகு, சோப்பு, தண்ணீர் எதுவும் வேண்டாம். இந்தத் தோல் காலணித் தோல் போன்றதல்ல. எண்ணெய் பட்டால் கறை நிரந்தரம், தண்ணீர் பட்டால் நார் இளகி மணி உதிரும். மிக மென்மையான தூரிகையால் தூசியை மெல்லத் தட்டிவிட்டால் போதும். தொங்கவிடாமல் படுக்கவைத்து, அமிலமில்லாத தாளை உள்ளே லேசாக அடைத்து வையுங்கள். முள் வேலைக்கு வெயில் கூடவே கூடாது. அருங்காட்சியகங்களில் அந்தப் பெட்டிகள் மங்கலாக இருப்பதற்குக் காரணம் அதுதான், 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தைத்தான் வழக்கமாக அனுமதிப்பார்கள். முள்ளும் குதிரை மயிரும் பூச்சிக்குப் பிடித்தவை என்பதால் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

மணிகள் மேல் சோப்புப்போல வெள்ளைப் படிவோ பிசுபிசுப்போ தெரிந்தால் அது அழுக்காக இல்லாமல் கண்ணாடியின் சிதைவாக இருக்கலாம். சில பழைய மணிகளின் கண்ணாடியில் உள்ள காரம் ஈரத்தில் வெளியே கசிந்து, மணியை வெடிக்கவைத்து நாரையும் அரிக்கும். இதை வீட்டில் சரிசெய்ய முடியாது, பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு காலத்தில் சேகரிப்புகளைப் பூச்சியிலிருந்து காக்க ஆர்சனிக்கும் பாதரச உப்பும் போட்டார்கள். பழைய சேகரிப்பிலிருந்து வந்த பை என்றால் கையுறை போட்டுத் தொடுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள்.

16. வாங்குவது சட்டப்படி சரியா?

தனியாரிடம் உள்ள சாதாரணப் பை ஒன்றை வாங்குவதற்கு அமெரிக்காவில் பொதுவாகத் தடை இல்லை. கழுகு இறகு ஒட்டியிருந்தால் தொடவே வேண்டாம். கழுகுப் பாதுகாப்புச் சட்டப்படி, எவ்வளவு பழசானாலும் அதை விற்கவோ வாங்கவோ கூடாது. கல்லறையிலிருந்தோ பழங்குடி நிலத்திலிருந்தோ முறைகேடாக எடுத்தவை, சடங்குக்கு உரிய புனிதப் பொருள்கள் ஆகியவற்றுக்கும் சட்டங்கள் உண்டு. அப்படிப்பட்டவை நாட்டைவிட்டு வெளியே போவதைத் தடுக்க 2022 டிசம்பரில் தனிச் சட்டமே வந்தது. ஊருக்குக் கொண்டுபோக நினைத்தால், விலங்குப் பாகம் உள்ள பொருள் என்று சொல்லி இரண்டு நாட்டுச் சுங்கத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தொப்புள்கொடிப் பையை வாங்காதீர்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். சட்டம் என்ன சொன்னாலும் அது ஒரு குழந்தையினுடையது.

17. அப்படியானால் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே?

சிலவற்றைக் கட்டாயம் கொடுக்க வேண்டும், கொடுத்தும் வருகிறார்கள். 1990-ல் வந்த சட்டம், கூட்டரசின் நிதி பெறும் அருங்காட்சியகங்கள் மனித எச்சங்களையும் கல்லறைப் பொருள்களையும் புனிதப் பொருள்களையும் உரிய பழங்குடிகளிடம் ஒப்படைக்க வழி செய்தது. 2024 ஜனவரியில் அதன் விதிகள் இன்னும் இறுகின, இப்படிப்பட்டவற்றைக் காட்சிக்கு வைக்கவே பழங்குடியின் சம்மதம் வேண்டும். சட்டம் எட்டாத இடங்களிலும் நடந்திருக்கிறது. கிளாஸ்கோவின் கெல்விங்ரோவ் அருங்காட்சியகம் 1999-ல் ஆவி நடனச் சட்டையை லக்கோட்டாவிடம் கொடுத்தது. மாசசூசெட்ஸின் பார் ஊரில் இருந்த சிறிய அருங்காட்சியகம் 2022-ல் ஏறக்குறைய 150 பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது. அவற்றில் வூண்டட் நீயில் இறந்தவர்களிடமிருந்து எடுத்தவையாகக் கருதப்பட்டவையும் உண்டு.

விற்பதற்காகவே செய்த பைகளும், அன்பளிப்பாகத் தந்தவையும் நிறைய இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பதில் குற்றமில்லை. எப்படிக் கைமாறியது என்பதற்குத் துண்டுச் சீட்டு இருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்தந்தப் பழங்குடியின் பண்பாட்டுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதலாம்.

18. இப்போதும் யாராவது செய்கிறார்களா?

நன்றாகவே செய்கிறார்கள். பைன் ரிட்ஜைச் சேர்ந்த ஆலிஸ் நியூ ஹோலி புளூ லெக்ஸ் முள் வேலைக்காக 1985-ல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்றார். ஒக்லாலாவான எமில் ஹெர் மெனி ஹார்ஸஸ் மணி வேலைக் கலைஞர், அமெரிக்க இந்தியர் தேசிய அருங்காட்சியகத்திலும் பணியாற்றியவர். சிச்சாங்கு மரபில் வந்த டயானி வைட் ஹாக், முள் வேலையின் வரிசைகளைப் பெரிய ஓவியங்களுக்குக் கொண்டுபோனார். 2022 விட்னி கண்காட்சியில் அவர் வைத்த படைப்பில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள். 2023-ல் மெக்ஆர்தர் நல்கையும் பெற்றார்.

பழைய பைக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் இன்று வாழும் ஒரு கலைஞரிடம் புதுப் பை வாங்கலாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. செய்தவர் பெயரும் தெரியும், பணமும் அவருக்கே போகும்.

19. எனக்குக் கைவேலை வரும். நானும் இதைச் செய்து பழகலாமா? விற்கலாமா?

பழகுங்கள். பாத்தித் தையலை ஒரு மாலையில் புரிந்துகொள்ளலாம், சீராக வருவதற்குத்தான் நாள் பிடிக்கும். முள் வேண்டுமென்றால் சுத்தம் செய்த வட அமெரிக்க முள் இங்கே கைவினைக் கடைகளில் கிடைக்கிறது. 4-ல் சொன்ன நம் பக்கத்து முள் இதற்கு உதவாது. இந்தியாவில் அந்த விலங்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் அதைத் தேடவும் வேண்டாம். குழாய்ப் பை, தொப்புள்கொடிப் பை போன்ற வடிவங்களை விட்டுவிடுங்கள். ஊசி உறை, சின்னப் பை என்று தொடங்கலாம்.

விற்பதாக இருந்தால் கவனம் வேண்டும். 1990-ஆம் ஆண்டின் இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி, பழங்குடியினர் அல்லாதவர் செய்ததை 'இந்தியர் செய்தது' என்றோ அப்படித் தோன்றும்படியோ விற்பது குற்றம். 'சியூ பாணி' என்று போடுவதைக்கூடத் தவிர்க்கச் சொல்வேன். பரிசாகக் கொடுத்தாலும் உட்புறத் தோலில் அழியாத மையால் உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். 13-ல் சொன்ன குழப்பம் இன்னும் ஐம்பது வருடம் கழித்து உங்கள் பையால் வராமல் இருக்கும்.